கண்மாய்க்கரையில் காட்டுப்பூப் பாதை: வாசகர் கேள்வி – பதில்

ஊர்ப் பொது இடங்களில் காட்டுச்செடிகளை வளரவிட்டு, ஊரார் நடந்து பார்க்கும்படி ஒரு பூப்பாதை அமைப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். பதில்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் சமவெளிக் கிராமங்களுக்கானவை. மலைக்கிராமங்களுக்குச் செடியும் வேறு, பருவமும் வேறு.

எங்கள் கண்மாய்க்கரையில் 400 மீட்டர் நீளத்துக்குப் பூப்பாதை போட 20 பேர் சேர்ந்திருக்கிறோம். புரட்டாசியில் பொக்லைன் விட்டுக் கரையைச் சுத்தம் செய்துவிட்டு விதைக்கலாம் என்று திட்டம். சரியா? – இளைஞர் குழு, மதுரை மாவட்டம்

ஆள் பலம் சரி, பொக்லைன்தான் தப்பு. காட்டுச்செடிகளின் விதை பெரும்பாலும் மண்ணின் மேல் இரண்டு அங்குலத்தில்தான் கிடக்கிறது. இயந்திரம் அதை வழித்து ஓரமாகத் தள்ளிவிடும், அல்லது அடியில் புதைத்துவிடும். அடியில் தூங்கிக்கொண்டிருந்த பார்த்தீனிய விதையும் சீமைக் கருவேல விதையும் மேலே வரும். முதல் மழைக்கு அவைதான் முளைக்கும். கரையைப் பிடித்து வைத்திருக்கிற புல்வேரும் போய்விடும். மழை பலமாக இருந்தால் கரை அரிக்கும், அந்தப் பழி உங்கள் தலையில் விழும்.

முதல் வேலை பார்ப்பது. ஒரு மழைக்காலம் முழுக்க, ஐப்பசியிலிருந்து தை வரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை 400 மீட்டரையும் நடந்து, எங்கே என்ன பூத்திருக்கிறது என்று குச்சி நட்டு வண்ணத்துணி கட்டி வையுங்கள். தும்பைக்கு வெள்ளை, ஆவாரைக்கு மஞ்சள், கொழிஞ்சிக்கு ஊதா என்று வைத்துக்கொண்டால் போதும். தை மாதம் பார்க்கும்போது கரையில் எந்த இடம் ஏற்கெனவே பூப்பாதையாக இருக்கிறது, எது வெறும் தரை என்று தெரிந்துவிடும். விதைக்க வேண்டியது அந்த வெறும் தரையில் மட்டும். இந்த வேலையில் முக்கால் பங்கு, இருப்பதைச் செதுக்காமல் விடுவதுதான்.

அகற்ற வேண்டியது சீமைக் கருவேலம். தரைமட்டத்தில் வெட்டினால் பத்தாகத் தழையும். மண்ணுக்கடியில் ஒரு முழத்துக்குள் இருக்கும் கழுத்துப் பகுதியிலிருந்துதான் அது துளிர்க்கிறது. அதோடு சேர்த்துத் தோண்டி எடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கடப்பாரைக்குச் சுலபம். கரை மேல் தோண்டிய குழியை அன்றே மண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். பெரிய மரமாக இருந்தால் கரையில் நீங்களாகத் தோண்டாதீர்கள், கண்மாய் எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? – வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, அந்த சர்வே எண் யார் பெயரில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய், ஏரி என்றால் நீர்வளத்துறை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியம். சாலை ஓரம் என்றால் நெடுஞ்சாலைத் துறையா, ஒன்றியச் சாலையா என்று பாருங்கள். காப்புக்காட்டு எல்லைக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு குச்சிகூட நடக்கூடாது.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடுகிறது. தீர்மானத்தில் 'பூங்கா', 'அழகுபடுத்துதல்' என்ற சொற்களைத் தவிருங்கள். அந்தச் சொற்களைப் பார்த்துத்தான் பேவர் பிளாக்கும் குரோட்டன்ஸும் வந்து இறங்குகின்றன. "இன்ன சர்வே எண்ணில், கரையின் இன்ன பகுதியில் இயற்கையாக வளரும் செடிகளைத் தை கடைசி வரை வெட்டாமல் பாதுகாப்பது" என்று எழுதச் சொல்லுங்கள். மதகு, கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்) இரண்டையும் சுற்றிப் பத்து மீட்டருக்கு எதுவும் விதைப்பதில்லை என்பதையும் சேர்த்துவிட்டால் பாசனக்காரர்கள் எதிர்ப்புச் சொல்ல இடமிருக்காது. ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு செயல்பட்டால், உங்கள் செடிப் பட்டியலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பின்னால் வாதாட ஒரு காகிதம் கையில் இருக்கும்.

என்னென்ன செடிகள் வைக்கலாம்? – வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

கரையை நான்காகப் பிரித்துப் பாருங்கள்.

வெயில் காயும் வெளிச்சரிவுக்கு ஆவாரை, கொழிஞ்சி, துத்தி, செம்முள்ளி. ஆவாரை வேரிட்ட பிறகு தண்ணீர் கேட்காது, பல வருஷம் நிற்கும். துத்திப்பூ பிற்பகலுக்கு மேல்தான் விரியும். காலையில் வந்து பார்த்துவிட்டு "பூக்கவே இல்லை" என்று வெட்டிப்போட்ட இடங்கள் உண்டு.

பாதையோரம் ஒட்ட வெட்டிவிடும் ஓரடிக்கு அடுத்துக் குட்டையானவை: விஷ்ணுகிராந்தி, சிறுபூளை, மூக்கிரட்டை, அவற்றுக்குப் பின்னால் தும்பை. விஷ்ணுகிராந்தி பொட்டு அளவு நீலப்பூ, காலையில் விரிந்து உச்சிவெயிலில் சுருங்கிவிடும். நெருஞ்சியை மட்டும் ஓரத்தில் விடாதீர்கள், செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் உண்டு.

தண்ணீர் ஏறி இறங்கும் உட்கரை ஓரத்துக்கு நீர்முள்ளியும் கொட்டைக்கரந்தையும். இரண்டையும் விதைக்க வேண்டியதே இல்லை. தண்ணீர் வற்ற வற்ற, ஈரம் இருக்கும் வரம்பில் தானாக வரும். நீர்முள்ளியின் முள் நீளம், குழந்தைகள் இறங்கும் படித்துறைப் பக்கம் அதை விடவேண்டாம்.

வேலிக்குக் கொடிகள்: முடக்கத்தான், வேலிப்பருத்தி, கோவை, சங்குப்பூ. குன்றிமணிக் கொடி அழகுதான், ஆனால் விதை நஞ்சு. பள்ளிப்பிள்ளைகள் வரும் பாதையில் அது வேண்டாம்.

இத்துடன் கிலுகிலுப்பை பத்துச் செடியாவது எங்காவது இருக்கட்டும். ஆரஞ்சு நிற வெந்தய வரியன், நீல வரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள், அந்தச் செடியின் காய்ந்த, அடிபட்ட பாகங்களில் கூட்டமாக உட்கார்ந்து ஒரு வேதிப்பொருளை உறிஞ்சும். இணைசேர அவற்றுக்கு அது வேண்டும். அதனால் காய்ந்துபோன கிலுகிலுப்பையைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள். வெந்தய வரியன் முட்டையிட எருக்கு வேண்டும், அதையும் ஒரு மூலையில் நிற்கவிடுங்கள். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆன்லைனில் 'வைல்ட் ஃப்ளவர் மிக்ஸ்' என்று பாக்கெட் கிடைக்கிறதே? – வாசகர், செங்கல்பட்டு

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். காஸ்மாஸ், ஜின்னியா, செண்டுமல்லி என்று இருக்கும். மூன்றும் மெக்சிகோ பக்கத்துச் செடிகள், அங்கே வேண்டுமானால் காட்டுப்பூ. மஞ்சள் காஸ்மாஸ் பல இடங்களில் தோட்டத்தைவிட்டுத் தப்பிப் பரவியிருக்கிறது. அந்தப் பணத்தில் நல்ல கையுறை வாங்குங்கள்.

ஆவாரை விதை ஒரு கிலோ சேகரித்துத் தூவினோம். நூறு செடிகூட வரவில்லை. என்ன காரணம்? – ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி, கரூர் மாவட்டம்

மூன்று காரணங்கள் இருக்கலாம். பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

ஒன்று, வண்டு. ஆவாரை நெற்று செடியிலேயே காயும்போது உள்ளே வண்டு விழுந்துவிடும். விதையைக் கையில் பரப்பிப் பாருங்கள், குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை இருந்தால் அது வெறும் தோல்தான். தண்ணீரில் போட்டு மிதப்பதை எல்லாம் தள்ளிவிடலாம். நெற்று பழுப்பாகி, ஆட்டினால் சத்தம் கேட்கும் பக்குவத்திலேயே பறித்து, உடைத்து, நிழலில் காயவைத்து, காய்ந்த நொச்சி இலையோ சாம்பலோ கலந்து வைத்தால் வண்டுச் சேதம் குறையும்.

இரண்டு, விதைத்தோல். ஆவாரை, கொழிஞ்சி, கிலுகிலுப்பை, சங்குப்பூ நான்கிற்கும் தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி மூன்று நான்கு நிமிஷம் ஆறவிட்டு, அதில் விதையைக் கொட்டி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். அடுப்பின் மேல் வைத்துக் கொதிக்கவிட்டால் விதை வெந்துவிடும். காலையில் உப்பியிருப்பவை முளைக்கத் தயார், அன்றே ஈர மண்ணில் போட்டாக வேண்டும். உப்பாதவற்றைச் சொரசொரப்பான உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். எல்லா விதையையும் இப்படிச் செய்துவிடவும் வேண்டாம். பாதியை ஊறவைக்காமல் போடுங்கள். மழை ஏமாற்றி, முளைத்ததெல்லாம் கருகினாலும், தோல் கெட்டியான மிச்சம் அடுத்த வருஷத்துக்கு மண்ணில் கிடக்கும்.

மூன்று, எறும்பும் புறாவும். காய்ந்த தரையில் தூவினால் இரண்டே நாளில் பாதியைக் கொண்டுபோய்விடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். முதல் நல்ல மழை ஒரு சாண் ஆழம் நனைத்த பிறகு, ஒரு வாரம் பொறுங்கள். களை முளைத்திருக்கும். களைக்கொத்தியால் மேலாக, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் சுரண்டிவிட்டு, அன்றே விதையுங்கள். ஆழமாகக் கொத்தினால் புதிதாக இன்னொரு களைக் கூட்டம் எழும்பும்.

அளவு: சதுர மீட்டருக்கு 3 கிராம் கலப்பு விதை போதும். 400 மீட்டர் பாதையில் இருபுறமும் ஒரு மீட்டர் அகலம் என்றால் 800 சதுர மீட்டர். அதில் வெறும் தரை மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 800 கிராம் விதை. 8 கிலோ காய்ந்த மணலில் கலந்து, இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறு பாதியைக் குறுக்காகவும் தூவுங்கள். மணல் விழுந்த இடம் கண்ணுக்குத் தெரிவதால் ஒரே இடத்தில் கொட்டாது. தும்பை, சிறுபூளை போன்ற பொடிவிதைகளின் மேல் மண் போடவே கூடாது. பலகையை வைத்து ஏறி மிதித்தால் போதும். ஆவாரை விதை அரை அங்குலம் உள்ளே போகலாம்.

எருவும் உரமும் வேண்டாம். பலரும் நல்ல எண்ணத்தில் ஒரு டிராக்டர் தொழுவுரம் அடித்துவிடுகிறார்கள். சத்து ஏறிய மண்ணில் புல்லும் முள்ளுக்கீரையும் முதலில் எழுந்து, விஷ்ணுகிராந்தி மாதிரிச் சின்னச் செடிகளை மூடிவிடும். மெலிந்த மண்ணில்தான் இந்தப் பூக்களுக்கு வாழ்வு.

விதைப்பந்து செய்து வீசலாமா? பிள்ளைகள் ஆர்வமாக இருக்கிறார்கள். – அதே பள்ளி

ஆவாரை, சங்குப்பூ போன்ற பெரிய விதைக்குச் செய்யலாம். ஐந்து பங்கு களிமண், ஒரு பங்கு மட்கிய உரம், பந்துக்கு இரண்டு விதை, கோலிக்குண்டு அளவு. எலுமிச்சம்பழ அளவில் பத்து விதை வைத்து உருட்டினால், முளைத்த பத்தும் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும். ஊறவைத்த விதையைப் பந்துக்குள் வைக்காதீர்கள், காயவைக்கும்போதே முளைத்துச் செத்துப்போகும். தும்பை, சிறுபூளை விதைக்கு வெளிச்சம் வேண்டும். பந்துக்குள் வைப்பது அவற்றைப் புதைப்பதற்குச் சமம். பிள்ளைகளுக்கு இதைவிட உருப்படியான வேலை உண்டு. தும்பைக் கதிர் பழுப்பானதும் தண்டோடு வெட்டி, காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு, மூன்று நாலு நாள் கழித்து உலுக்கச் சொல்லுங்கள். பையின் அடியில் விதை கொட்டிக்கிடக்கும்.

ஆடு, மாடு எல்லாவற்றையும் தின்றுவிடுகிறதே? – வாசகி, சிவகங்கை மாவட்டம்

மேய்ச்சலை நிறுத்தச் சொல்லி ஊரில் யாரும் ஜெயித்ததில்லை. ஆவாரை, ஆடாதோடை, ஆடுதின்னாப்பாளை மூன்றையும் ஆடு சீண்டாது. பச்சைக் கொழிஞ்சியை மாடும் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். மேய்ச்சல் அதிகமுள்ள பகுதியில் இவற்றை முன்வரிசையில் வைத்து, மென்மையானவற்றை உள்ளே விடுங்கள். விதைத்த இடத்துக்கு முதல் எட்டு வாரம் மட்டும் முள் அடைப்பு போதும். மேய்ப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி, தண்ணீருக்கு இறங்க ஒரு வழியைத் திறந்தே விடுங்கள். வழியை அடைத்தால் வேலியை உடைத்துக்கொண்டுதான் போவார்கள். தை, மாசியில் விதை உதிர்ந்த பிறகு ஆடு வந்து மேய்வது நல்லதுகூட. காய்ந்த புல்லைக் குறைத்துத் தரும்.

பார்த்தீனியத்தை ஒழிக்க உப்புக்கரைசல் அடிக்கலாமா? – வாசகர், தருமபுரி மாவட்டம்

லிட்டருக்கு 200 கிராம் உப்பு என்ற கரைசல் பார்த்தீனியத்தைக் கருக்கும். பக்கத்துச் செடியையும் கருக்கும், மண்ணையும் கெடுக்கும். பூப்பாதைக்கு ஆகாது. பூக்கும் முன், மழை பெய்த மறுநாள், வேரோடு பிடுங்குவதுதான் வழி. கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்குத் துணி கட்டாயம்; தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவரை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். பூத்துவிட்ட செடியை எருக்குழியில் போடாமல் தனியே சாக்கில் கட்டி வையுங்கள். பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் மறு மழைக்கு அதுவே திரும்ப வரும், அன்றே அங்கே ஆவாரையும் கொழிஞ்சியும் விதையுங்கள். இரண்டும் அதோடு மல்லுக்கட்டக் கூடியவை. இலையைச் சல்லடையாக அரிக்கும் வெளிர் நிற வண்டைக் கண்டால் கொல்லாதீர்கள். அது பார்த்தீனியத்துக்காகவே 1984-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த மெக்சிகோ வண்டு.

செங்காந்தள் நம் மாநில மலர். பாதையில் வைக்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

வைக்கலாம், கை எட்டாத வேலிப் பக்கம். செடி முழுக்க நஞ்சு, கிழங்கு ரொம்பவே. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வள்ளி, சேனை என்று கிழங்கு தோண்டிப் பழகிய ஊரில் இதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டுத்தான் நடவேண்டும். காட்டில் தோண்டாதீர்கள். உங்கள் பக்கம் ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்கிறார்களே, அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். கலப்பை வடிவக் கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது, பையில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவராதீர்கள். பூ முடிந்ததும் கொடி காய்ந்து மறைந்துவிடும். செத்துவிட்டது என்று தோண்டிப் பார்க்கவேண்டாம், அடுத்த மழைக்கு வரும்.

நன்றாகப் பூத்து வந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்காரர்கள் வந்து ஓரம் முழுக்கச் செதுக்கிவிட்டார்கள். எப்படித் தடுப்பது? – தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 'ஓரம் சுத்தம்' என்று வேலை கொடுத்தால் சுத்தமாகத்தான் செதுக்குவார்கள். வேலை அளந்து கொடுக்கும் பணித்தளப் பொறுப்பாளரிடம் தீர்மான நகலைக் கொடுத்து, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை கை வைக்கக்கூடாது என்று காட்டுங்கள். இரண்டு முனையிலும் வெள்ளையடித்த கல் நட்டுவிடுங்கள். வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பெண்கள்தான். செடிப்பெயர் உங்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். கணக்கெடுப்பிலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டால் செதுக்கும் பேச்சே எழாது.

இன்னொரு தந்திரம். நடைபாதை நான்கடி அகலம், அதன் இருபுறமும் ஓரடி மட்டும் மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஓரம் நேராக வெட்டியிருந்தால், உள்ளே வளர்ந்திருப்பது வேண்டுமென்றே விட்டது என்று பார்க்கிறவருக்குப் புரியும். வெட்டாத ஓரம்தான் 'புதர் மண்டிக் கிடக்கிறது' என்ற புகாரைக் கொண்டுவருகிறது.

முழு வெட்டு வருஷத்துக்கு ஒன்று, மாசியில், விதை உதிர்ந்த பின். அரிவாளால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, ஐந்தாறு நாள் அங்கேயே காயப்போட்டால் மிச்ச விதையும் உதிரும். பிறகு வாரி வெளியே எடுத்துவிடுங்கள், அங்கேயே மட்கினால் மண்ணில் சத்து ஏறிவிடும். ஆவாரை போன்ற புதர்களை மூன்றில் ஒன்று என்ற கணக்கில் மாற்றி மாற்றி வெட்டுங்கள். தீ வைப்பது கூடவே கூடாது.

ஆளுக்கு 20 மீட்டர் என்று பிரித்துக் கொடுப்பது நல்ல முறை. எல்லோருக்கும் எல்லா வேலையும் என்றால் மூன்றாம் மாதம் நான்கு பேர்தான் வருவார்கள்.

நடைபாதைக்குச் சிமெண்ட் போடலாமா? – அதே தன்னார்வலர்

வேண்டாம். தண்ணீர் தேங்கும் தாழ்வான இடத்துக்கு மட்டும் மூன்று அங்குலச் சரளை. 200 அடி நீளம், நான்கடி அகலத்துக்கு 200 கன அடி, அதாவது இரண்டு யூனிட். கரையில் மண்ணெடுத்து நிரவாதீர்கள்.

பெயர்ப்பலகை எதில் செய்வது? – வாசகர், தஞ்சாவூர்

தகரம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், ஃபிளெக்ஸ் ஒரு கோடையில் வெளுக்கும், மரத்தைக் கறையான் தின்னும். ஓரடிக்கு முக்கால் அடிக் கடப்பைக்கல் துண்டில் எனாமல் பெயிண்டால் எழுதிச் சாய்வாகப் பதியுங்கள். செடிக்கு ஒரு பலகை வைத்தால் அடுத்த வருஷம் செடி வேறிடத்தில் முளைக்கும், பலகை மட்டும் தனியாக நிற்கும். ஐம்பது மீட்டருக்கு ஒன்று, அந்தப் பகுதியில் வரும் ஐந்தாறு செடிகளுக்குச் சேர்த்து. உங்கள் ஊர்ப் பெயரை முதலில் எழுதுங்கள். சிறுபூளையைப் பொங்கப்பூ என்று சொல்கிற ஊரில் பொங்கப்பூ என்றே இருக்கட்டும், தாவரவியல் பெயர் கீழே சின்னதாக.

பாம்பு வருமே? – வாசகி, கடலூர் மாவட்டம்

வரும். நான்கடிப் பாதையும் ஓரடி வெட்டும் அதற்காகவும்தான். இருட்டிய பின் நடக்கவேண்டாம், வெட்டும் நாளில் பூட்ஸ் போடுங்கள், புல்லைக் கையால் விலக்காமல் குச்சியால் விலக்குங்கள். வெட்டிய தழையைப் பாதையோரம் குவித்து வைத்தால் விரியன் அதில் குடியேறும். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனை.

மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவன் எங்கள் பாதைக்கு வருமா? – ஏழாம் வகுப்பு மாணவி, திருச்சி மாவட்டம்

வராது அம்மா. அதன் புழு நீரடிமுத்து மர இலையைத் தின்று வளரும், அது மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டு மரம். உங்கள் ஊருக்கு வரக்கூடியது வேறு. ஆவாரை இலையைத் திருப்பிப் பார், பச்சைப் புழு இருந்தால் அது வெளிர்பச்சை நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பிள்ளை. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது எலுமிச்சை அழகியின் இளம்புழுவாக இருக்கலாம்.

போகிக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பாதையில் பறிக்க ஊரார் கேட்கிறார்கள். மறுக்கலாமா? – வாசகர், ஈரோடு மாவட்டம்

மறுக்காதீர்கள். மறுத்தால் பாதை உங்களுடையதாகிவிடும், ஊருடையதாக இருக்காது. பூளைப்பூ மார்கழிக் கடைசியில் பாதிக்கு மேல் விதை கட்டியிருக்கும். பறித்துக்கொண்டு போகிற வழியெல்லாம் உதிர்ப்பார்கள், அது உங்களுக்கு லாபம். வேரோடு பிடுங்காமல் கத்தரியோ அரிவாளோ கொண்டு நறுக்கச் சொல்லுங்கள். ஆவாரையில் ஒரு புதருக்கு நான்கைந்து கொத்து, நுனியில் மட்டும். ஐப்பசியில் விதைத்த ஆவாரை அந்தப் போகிக்குப் பூக்காது, பெரும்பாலும் மறுவருஷம்தான். அதற்குள் பறிக்க வருகிறவர்களைப் பழைய புதர்கள் நிற்கும் பக்கம் அனுப்பிவிடுங்கள்.